வாசலிலும் மாடியிலும் கிடக்கும் நாற்காலி, ஊஞ்சல், கட்டில்: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேக்கு பெஞ்ச், இரும்பு ஊஞ்சல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒயர் கட்டில், கடப்பாக்கல் திண்ணை என்று வீட்டுக்கு வெளியே கிடக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதியது. இந்த விஷயத்தை இணையத்தில் தேடினால் உறைபனியிலிருந்து காப்பாற்றுங்கள், கடல் உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள் என்றுதான் முதலில் வருகிறது. நமக்கு உறைபனியும் இல்லை, கடலும் இல்லை. வெயில் இருக்கிறது, வேண்டிய மட்டும்.

மழைக்காலத்தில் மூடி வைத்துவிடுகிறோம். அது போதாதா?

போதாது. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் கிட்டத்தட்ட பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டிவிடுகிறது. மற்ற மாதங்களில் அவ்வப்போது சாயங்கால இடிமழை, மிச்ச நாளெல்லாம் வெயில். பங்குனியில் ஆரம்பித்து கத்திரி முடியும்வரை 38, 40 டிகிரி என்றால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வெயில் இரண்டு வேலை செய்கிறது. சூடு மரத்தைக் காயவைத்துச் சுருக்குகிறது, மூட்டு தளர்கிறது, ஆணியும் திருகும் ஆட ஆரம்பிக்கின்றன. புற ஊதாக் கதிர் வார்னிஷ், பெயிண்ட், பிளாஸ்டிக், நைலான், துணி என்று எதையும் விடாமல் மேற்பரப்பிலிருந்தே உதிர்க்கிறது. மழை வருவது அதற்கப்புறம்தான். வெயில் போட்டு வைத்த விரிசலில் தண்ணீர் இறங்கும்போது நாம் மழையைத் திட்டுகிறோம். அதனால் என் கணக்கு எப்போதும் இதுதான்: காசு இருந்தால் முதலில் நிழலுக்குச் செலவழியுங்கள், அப்புறம் பூச்சுக்கு, உறைக்கு கடைசியில்.

எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. சிட்அவுட்டில் வெயிலே படாது என்று சொல்கிறார்களே?

வருடத்தில் பாதி நாள் படாது. ஆனால் மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அங்கிருந்து வடக்கே போய், மறுபடி ஆவணியில்தான் உச்சிக்குத் திரும்புகிறது. அதாவது மே, ஜூன், ஜூலையில் வடக்கு வாசலில்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும். தெற்கு வாசலுக்கு அந்த மாதங்களில் ஓய்வு, ஐப்பசி முதல் மாசி வரை அதற்கு வெயில். ஒரு கூடை ஊஞ்சலை எங்கே மாட்டுவது என்று யோசிக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், பூச்சே இல்லாமல் சில வருடம் ஆயுள் கூடும்.

மேற்குப் பக்கம் மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். மூன்று மணி வெயிலும், சூடேறிய சுவரிலிருந்து ராத்திரிவரை வரும் வெக்கையும் சேர்ந்து எதையும் மிச்சம் வைக்காது. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை, பொழுது சாய்ந்த பிறகும் பாறை விடும் அனலைத் தினமும் பார்க்கிறவர்கள்.

மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்திருந்தால் இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் குளிர்ச்சி கிடைக்கும், நாற்காலிக்கு அடியிலிருந்தும் வெளிச்சம் அடிக்கும். மேலே குடை பிடித்தாலும் அடிப்பக்கம் வெளுக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

தேக்கு பெஞ்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. மேல்தோல் மட்டும்தான் வெளுத்திருக்கிறது. நல்ல வைரம் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருக்கிறது, அது பூச்சே இல்லாமல் வெளியில் கிடந்தாலும் பல வருடம் தாங்கும். நிறம் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை சோப்புத்தண்ணீர் போட்டு மென்மையான பிரஷ்ஷால் இழை ஓடும் திசையில் தேய்த்துக் கழுவினால் போதும். நம் ஊரில் தேக்கு என்றால் பளபளவென்று இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறது, அந்தப் பளபளப்புக்குத்தான் வேலையும் காசும்.

ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி வேறு கதை. அது வைரம் இல்லாத மரம், கரையானுக்கும் உளுப்புக்கும் பிடித்த இடம். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் தேக்கில் இந்த வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள், குறிப்பாக கால்களின் உள்பக்கம்.

சரி, பழைய நிறம் திரும்ப வேண்டும். எண்ணெயா, வார்னிஷா, பாலிஷா?

வெயில் நேரே படும் இடத்தில் எண்ணெய். நிழலான சிட்அவுட்டில் வெளிப்புறத்துக்கென்றே வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு.

காரணம் இது. வார்னிஷ், பி.யூ. இரண்டும் மரத்தின் மேல் ஒரு தோலாக நிற்பவை. மரம் கோடையில் சுருங்கும், மழையில் ஊறும். தோல் அதோடு போக முடியாமல் ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே கறுக்கும், மேலே செதில் செதிலாக உரியும், மறுபடி அடிக்க வேண்டுமென்றால் பழையதை முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் உரியாது, மங்கத்தான் செய்யும். லேசாகத் தேய்த்து மேலே இன்னொரு கை பூசினால் முடிந்தது. வீட்டுக்குள் கதவு, கட்டிலுக்கு அடிக்கும் மெலமைன் பாலிஷ், என்.சி. லேக்கர் இவற்றை வெளியில் அடிக்கவே கூடாது. ஆசாரி டப்பாவில் மீதம் இருக்கிறது என்று அடித்துவிடுவார், அடுத்த கோடைக்குள் உரிந்து நிற்கும்.

எண்ணெய் என்றால் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள், ஆளிவிதை எண்ணெய்தான். 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, அப்புறம் 220 போட்டு, தூசியை ஈரத்துணியால் துடைத்து முழுக்கக் காயவிட்டு, முதல் கைக்கு கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து மிஞ்சி நிற்கும் எண்ணெயைத் துடைத்து எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுவென்று நின்று தெருத்தூசி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டாவது கை.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். மே மாத மாடியில் கேட்கவே வேண்டாம். துணியைத் தரையில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் பூசினால் என்ன?

ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும் வகை. தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் அப்படி இறுகாது, ஈரமாகவே நிற்கும். உட்காருகிறவர் வேட்டியில் கறை, எறும்பு, தூசி. வேப்பெண்ணெய் என்றால் அதோடு வாசமும். பூச்சிக்குக் கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான், ஆனால் உட்காரும் பலகைக்கு வேண்டாம்.

கிராமத்துப் பக்கம் உத்திரத்துக்கும் வேலிக் காலுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள், கரையான் அண்டாது. அது மரத்துக்கு நல்ல மருந்து, மனிதத் தோலுக்கு எதிரி. பட்டால் கொப்புளம் வரும். நாற்காலியில் பூசாதீர்கள்.

வேம்பு, மா, ரப்பர் மரம், பிளைவுட் இவையெல்லாம் வெளியில் தாங்குமா?

வேம்பு பரவாயில்லை, வெடிப்பு விடும், ஆனால் கூரைக்குக் கீழே நன்றாகவே உழைக்கும். மாமரமும் ரப்பர் மரமும் ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும், அவற்றை வெளியில் போட வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை மட்டும், அதிலும் வெட்டிய ஓரங்களை அடைத்து பெயிண்ட் அடித்தால்தான் நிற்கும். பார்ட்டிகிள் போர்டு ஒரு மழையில் பூரி மாதிரி உப்பிவிடும்.

கால் மட்டும் அடியில் உளுத்துப்போகிறது. ஏன்?

மரக்காலின் அடிப்பக்கம் இழையின் வெட்டுமுனை, அங்கேதான் மரம் தண்ணீரை மேலே இழுக்கிறது. வாசல் தெளிக்கும் வீடுகளில் தினமும் காலையில் இது நடக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களின் அடியிலும் வார்னிஷையோ எபாக்ஸி பசையையோ ஊறும்வரை இரண்டு மூன்று தடவை விட்டு, காய்ந்ததும் நைலான் புஷ் அடித்துவிடுங்கள். மண் தரையில் போடும் பெஞ்ச் என்றால் காலுக்குக் கீழே ஒரு கல் துண்டு வையுங்கள். மண்ணைத் தொடும் மரம் கரையானுக்கு நேரடி வழி. தொடாவிட்டாலும் வரும், ஆனால் மண்புற்றுக் கோடு போட்டுக்கொண்டுதான் ஏறியாக வேண்டும், அது நம் கண்ணில் படும். பார்த்ததும் கோட்டை உடைத்துவிட்டு மருந்து அடிக்கலாம்.

இரும்பு ஊஞ்சலுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடித்தும் துரு வருகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் அடியில் இருக்கும் துருவின் மேலேயே அடித்திருப்பார்கள். பெயிண்ட் துருவை நிறுத்தாது, மறைக்கும். உள்ளே அது வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

முறை பழையதுதான். கம்பி பிரஷ்ஷும் எமரி பேப்பரும் வைத்து உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்ட வேண்டும். சுரண்ட முடியாத வளைவு, பூ வேலை, பற்றவைத்த மூலை இங்கெல்லாம் ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவம்) தடவி அது கறுத்துக் காயும்வரை விட வேண்டும். தின்னரில் துடைக்க வேண்டும். அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, மறுநாள் இன்னொரு கை, அதற்குமேல் எனாமல் பெயிண்ட் மெல்லிசாக இரண்டு கை. தடிமனாக ஒரே கை அடித்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் சுருங்கும்.

கிரில் பட்டறையிலிருந்து வரும்போது ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து அனுப்புவார்கள், பார்க்க பெயிண்ட் அடித்த மாதிரியே இருக்கும். அதை அப்படியே மாடியில் போட்டுவிடுகிற வீடுகள் நிறைய. ரெட் ஆக்சைடு ஒரு அடித்தளம்தான், அதில் நுண்ணிய துளைகள் உண்டு, மேலே எனாமல் போடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு வெளியே வந்துவிடும். வந்த வாரத்திலேயே மேல்பூச்சு போடுங்கள்.

துரு முதலில் வெல்டிங் போட்ட இடத்தில்தான் வரும். கசடைத் தட்டி எடுக்காமல் பெயிண்ட் அடிப்பதுதான் காரணம். வாங்கும்போதே பட்டறையில் நின்று, கசடு தட்டி கிரைண்டர் போட்டாரா என்று பாருங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் பைப்பின் உள்பக்கம். வெளியில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே தண்ணீர் போனால் உள்ளிருந்து அரிக்கும். மேல்முனைகளை மூடியிருக்க வேண்டும், அடியில் ரப்பர் ஷூ போட்டிருந்தால் அதில் தண்ணீர் தேங்காமல் ஒரு சிறு துளை வேண்டும். ஷூவைக் கழற்றினால் செந்தண்ணீர் கொட்டும் நாற்காலிகள் எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். கழற்றிப் பாருங்கள்.

நல்ல செய்தி ஒன்று: ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் படும் பாட்டில் கால்வாசிகூட நமக்குக் கிடையாது. உப்புக்காற்று இல்லாததால் ஒழுங்காகச் செய்த பெயிண்ட் வேலை இங்கே நின்று பேசும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் செய்தது. அதில் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறதே?

துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமல் ஒட்டாது, சில மாதத்தில் அப்படியே கழன்று வரும். ஜி.ஐ.க்கென்று தனி பிரைமர் இருக்கிறது, அதைப் போட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும். நிறம் முக்கியமில்லை என்றால் அடிக்காமலே விடலாம். வெல்டிங் போட்ட இடங்களில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும், அங்கே மட்டும் ஜிங்க் பிரைமர் தொட்டு வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், துருப்புள்ளி வந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 202 கிரேடில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு, வெளியில் கிடந்தால் புள்ளி விழும். 304 அதைவிட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, பில்லில் கிரேடு எழுதி வாங்குவதுதான் வழி.

ஆனால் 304-க்கும் புள்ளி வரும், இரண்டு காரணத்தால். பக்கத்தில் யாராவது இரும்பை கிரைண்டர் போட்டால் பறக்கும் தூள் இதன் மேல் ஒட்டித் துருப்பிடிக்கும், ஸ்டீல் அல்ல. இரண்டாவது, மாடி கழுவ, டைல்ஸ் கழுவ ஊற்றும் ஆசிட். அதன் புகையே போதும் ஸ்டீலைக் கெடுக்க. பளிச்சென்று ஆக வேண்டும் என்று ஊஞ்சலுக்குக் கீழேயே ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு, ஸ்டீல் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலுமினியம்?

துருப்பிடிக்காது, கரையான் கிடையாது, தூக்க எளிது. மே மாதம் மத்தியானம் தொட்டால் சுடும், அவ்வளவுதான். இரும்புத் திருகு போட்டிருந்தால் மாற்றி ஸ்டெயின்லெஸ் திருகும் இடையில் பிளாஸ்டிக் வாஷரும் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கும். ஆடிக் காற்றில் பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் நாற்காலி வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது. திரும்பப் பளபளப்பாக்க முடியுமா?

முடியாது. கையில் ஒட்டும் வெள்ளைத்தூள் அந்த நாற்காலியின் மேற்பரப்பேதான், புற ஊதாக் கதிர் உடைத்துப் போட்டது. மெழுகோ கார் பாலிஷோ தடவினால் கொஞ்ச நாள் பளபளக்கும், பலம் திரும்பாது. இந்த நிலைக்கு வந்த நாற்காலியில் பின்காலும் முதுகும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூந்தொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள், பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நொடியில் முறியும், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது இதிலும் நடக்கும்.

புதிதாக வாங்கும்போது கனமாக இருப்பதைப் பாருங்கள், புற ஊதாத் தடுப்பு சேர்த்ததா என்று கேளுங்கள். கறுப்பும் கரும் நிறங்களும் வெயிலில் அதிகம் சூடாகும், ஆனால் கறுப்பில் சேர்க்கும் கார்பன் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். மாடித் தண்ணீர்த்தொட்டி கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பளிச் சிவப்பும் நீலமும் மாடியில் சீக்கிரம் வெளுக்கும். உபயோகிக்காதபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிழலில் வைத்தால் போதும், வேறு பராமரிப்பு எதுவும் தேவையில்லை. மேலே இருக்கும் ஒரு நாற்காலி மட்டும் வெளுக்கும், அடிக்கடி வரிசையை மாற்றிவிடுங்கள்.

ஒயர் நாற்காலி, கயிற்றுக் கட்டில்?

ஒயரும் நைலான் கயிறும் வெயிலில் விறைத்து அறுந்துபோகும். ஒரு இழை அறுந்ததும் அடுத்தடுத்து போகும், உடனே பின்ன வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னுவதற்காக ஒயரை முழுக்க அவிழ்க்கும் நாள்தான் சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்ற நாள், அந்த வாய்ப்பை விடாதீர்கள். ஒயர் சுற்றியிருக்கும் இடத்துக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் தளரும், மறுபடி இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். நாடா கட்டில் மழையில் நனையக் கூடாது, பூஞ்சைக் கறை போகாது.

பிரம்பு சோபாவை வெளியில் போடலாமா? பிளாஸ்டிக் பிரம்பு கூடை ஊஞ்சல் எவ்வளவு நாள் வரும்?

அசல் பிரம்பு காடுகளில் ஈரத்தில் வளரும் கொடி. மதுரையின் கோடைக்காற்று அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் உட்காரும்போது படபடவென்று சத்தம் வரும், கட்டு அவிழும். கூரைக்குக் கீழே மட்டும் வையுங்கள். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள். மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர், ஈரத்துணியே வேண்டாம், உலர்ந்த பிரஷ் போதும்.

செயற்கைப் பிரம்பில் இரண்டு தரம் இருக்கிறது. பாலிஎத்திலீனில் செய்தது வெயிலைத் தாங்கும், பி.வி.சி.யில் செய்தது சில கோடையில் வெடித்து உதிரும். ஆனால் கூடை ஊஞ்சலில் நான் பயப்படுவது கூடைக்கு அல்ல, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் மேலே இருக்கும் கொக்கிக்கும். பின்னல் மறைத்திருப்பதால் துரு தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கி, சங்கிலி, ஸ்பிரிங் மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள், தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். குழந்தைகள் ஆடும் பொருள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கல் பெஞ்சுக்கும் பராமரிப்பு உண்டா?

கிரானைட்டுக்கு இல்லை என்றே சொல்லலாம், எண்ணெய்க் கறை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கத்துக் கல் நம் பேரன் காலம்வரை கிடக்கும். கடப்பாக்கல் அப்படியில்லை, அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி, வினிகர், ஆசிட் எது பட்டாலும் அரித்து வெள்ளைத் தழும்பு விழும். சிமென்ட் பெஞ்சில் விரிசல் தெரிந்தால் உடனே அடையுங்கள், உள்ளே இருக்கும் கம்பிக்குத் தண்ணீர் போனால் துரு வீங்கி பெஞ்சையே பிளக்கும். மழைக்காலப் பாசிக்கு கட்டை பிரஷ்ஷும் சோப்புத்தூளும் போதும்.

குஷன், மெத்தை, குடை இவற்றை என்ன செய்வது?

ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள். இதற்கு மாற்று கிடையாது. ரெக்சின் உறை வெயிலில் வெடிக்கும், ஸ்பான்ஜ் நனைந்தால் உள்ளே காயாமல் நாறும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு போட்டுத் தைத்த குஷனை விரும்புகிறவர்கள் நிறைய, உட்கார சுகம்தான், ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகப் போய்விடும். அதை மாதம் ஒருமுறை காலை வெயிலில் காயவைத்துத் தட்டி எடுத்து, உடனே உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். தோட்டக் குடையை ஆனி, ஆடியில் விரித்து வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள், பக்கத்து வீட்டு மாடியில் போய்த்தான் தேட வேண்டியிருக்கும்.

எதைப் போட்டு மூடுவது? பழைய பிளக்ஸ் பேனர் போதுமா?

மதுரையில் காதணி விழா முடிந்த பிளக்ஸ் எல்லாம் கடைசியில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில்தான் வந்து சேர்கிறது, அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. மழைக்கு ஒரு வாரம் தாங்கும். ஆனால் பிளக்ஸ் பி.வி.சி. பூசியது, வெயிலில் சூடாகும்போது வார்னிஷ் அடித்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வார்னிஷோடு வரும், சில சமயம் தாய்மாமன் முகம் பலகையில் பதிந்திருக்கும். இடையில் ஒரு பழைய பருத்தி வேட்டி விரித்துவிட்டு மேலே போடுங்கள்.

சில்பாலின் தார்ப்பாய் நல்லது. எதுவானாலும் தரையைத் தொடும்படி இறுக்கி மூடாதீர்கள். கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தால்தான் ஈரம் வெளியேறும், எலியும் அடியில் குடித்தனம் வைக்காது. நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து உயரம் கொடுத்தால் தண்ணீர் குளமாகத் தேங்காது. மழை விட்டதும் திறந்து காற்றாட விடுங்கள். ஐப்பசியில் மூடியதைத் தையில் திறந்து பார்த்து பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொன்னால், மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

போர் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெள்ளைத் திட்டு விழுகிறது.

தண்ணீரில் இருக்கும் உப்பு. கழுவியதும் துணியால் துடைத்துவிட்டால் விழாது. விழுந்த திட்டை ஸ்டீல், பிளாஸ்டிக் என்றால் தண்ணீர் கலந்த வினிகரில் துடைத்து உடனே நல்ல தண்ணீரில் அலசலாம். கடப்பாவில் மட்டும் வேண்டாம், மேலே சொன்ன காரணம்தான்.

புறா எச்சம், வேப்பம்பழம்?

எச்சம் காய்வதற்குள் எடுத்துவிடுங்கள், பெயிண்டையும் பாலிஷையும் அரிக்கும். காய்ந்துவிட்டால் சுரண்டாமல் ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். வேப்பமரத்தடி நிழல் எல்லா ஷீட்டையும்விடச் சிறந்தது, ஆனி, ஆடியில் பழம் விழும் நாட்களில் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயிண்ட், எண்ணெய் வேலைக்கு எந்த மாதம் நல்லது?

தை, மாசி. மழை ஓய்ந்து மரமும் சுவரும் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. பொங்கலுக்கு முன்னாடியே முடிக்க வேண்டும் என்று மார்கழிப் பனியில் அடிக்கிறவர்கள், காலையில் ஈரம் போகும்வரை காத்திருந்து பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். கத்திரியில் அடிக்கவே வேண்டாம், சூடான இரும்பில் பெயிண்ட் பரவுவதற்குள் இழுத்துக்கொண்டு பிரஷ் கோடு நிற்கும், கொப்புளமும் வரும். புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி, திருகுகளை முடுக்கி, உரிந்த இடங்களைத் தொட்டு வைத்தால் மழைக்குத் தயார்.

வாடகை வீடு. மாடியில் ஷீட் போட வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்யலாம்?

75 சதவீத நிழல் தரும் பச்சை வலை வாங்கி, இருக்கும் கம்பியிலோ கைப்பிடிச் சுவர் கொக்கியிலோ கயிறு போட்டுக் கட்டுங்கள். சுவரில் துளை போட வேண்டியதில்லை, காலி செய்யும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். மேற்கிலும் தலைக்கு மேலும் கட்டினால் பெரும்பகுதி வெயில் நின்றுவிடும், மழை மட்டும் வடிந்து இறங்கும். ஆடிக் காற்றுக்கு முன் கயிறுகளை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கால்களுக்கு ரப்பர் ஷூ போட மறக்காதீர்கள், தட்டோட்டில் விழும் துருக்கறைக்கு அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.